கிடந்த இடமும் சாட்சி சொல்லும்

(அரியலூரில் ஆசிரியர்களும் மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தொல்லுயிரியல் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். வேறு ஊராக இருந்தால் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. உங்கள் ஊர்ச் சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிற சுண்ணாம்புக்கல்லை ஒரு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். கல்லங்குறிச்சிப் பக்கத்துக் கல் என்றால் அதில் சிப்பி ஓடுகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த சிப்பிகள் அவை. நம் வீட்டுச் சுவரில் கடல் உயிர்களின் பங்கு எவ்வளவு என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இன்று ஒரே ஒரு கருத்தை வலியுறுத்தவே வந்திருக்கிறேன். தொல்லுயிர் எச்சம் ஒன்று சொல்லும் சேதியில் பாதி அதன் உடம்பில் இருக்கிறது. மறுபாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது. எந்த ஊர், எந்த ஓடை, எந்த அடுக்கு, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்ற விவரங்கள் போய்விட்டால், அந்தக் கல் நான்கெல்லை எழுதாத பத்திரம் போல ஆகிவிடும். கையில் இருக்கும், வழக்கில் நிற்காது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். ஒரு காலத்தில் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்தன. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அவை பிரியத் தொடங்கியபோதுதான் நமக்கென்று ஒரு கிழக்குக் கரை உண்டாயிற்று. பிரிந்த விளிம்பில் நிலம் உடைந்து தாழ்ந்தது. காவிரிப் படுகை என்று புவியியலாளர்கள் சொல்வது அந்தப் பள்ளத்தைத்தான். அதற்குள் கடல் புகுந்தது; பின்வாங்கியது; மறுபடியும் புகுந்தது. ஒவ்வொரு தடவையும் களிமண், மணல், சுண்ணாம்புச் சேறு என்று ஏதாவது ஒன்றைப் படியவிட்டுப் போனது. அந்தப் படிவுகள்தான் இன்றைய அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பெரும்பகுதி.

பாடாலூர்ப் பக்கம் ஊட்டத்தூரிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பயணம் புறப்படுங்கள். ஊட்டத்தூருக்கு மேற்கே இருப்பவை மிகப் பழைய, உயிர்ச்சுவடே இல்லாத கடினப் பாறைகள். அவற்றின் மேல் சாய்ந்தாற்போல் கிடப்பது ஊட்டத்தூர்த் தொகுதி என்ற பாறை அடுக்குகள். காரை கிராமத்தையொட்டி மழைநீர் அரித்து அரித்து மடிப்பு மடிப்பாக நிற்கிற களிமண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் இந்தத் தொகுதியைச் சேர்ந்தவை. அடுத்துக் கருடமங்கலம் பக்கம் வந்தால் திருச்சிராப்பள்ளித் தொகுதி. சிப்பி நிறைந்த அந்த ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை மெருகேற்றினால் பளிங்கு போல இருக்கும் என்பதால் 'திருச்சிராப்பள்ளிச் சலவைக்கல்' என்ற பெயரே அதற்கு உண்டு. அதற்கும் கிழக்கே அரியலூர்த் தொகுதி. கடைசியாகச் செந்துறைப் பக்கம் நின்னியூர்ப் படிவுகள். இவை டைனோசர்கள் அழிந்தபிறகு படிந்தவை. அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சரிந்திருப்பதால், கிழக்கே போகப் போக வயது குறைகிறது. மேற்கு ஓரத்தில் சுமார் 11 கோடி ஆண்டு. கிழக்கு ஓரத்தில் ஆறு கோடிச் சொச்சம். காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளைக் கடந்துவிடலாம். உலகில் இப்படி வாய்த்த இடங்கள் குறைவு.

இனி, உயிர் எப்படிக் கல்லாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செத்த உயிர்களில் மிகப் பெரும்பாலானவை தடயமின்றிப் போய்விடும். நரி தின்னும், நண்டு தின்னும், கிருமிகள் மிச்சத்தை முடிக்கும். தப்ப வேண்டுமானால் உடல் சீக்கிரம் புதைய வேண்டும். கடினமான பகுதி ஏதாவது அதில் இருக்க வேண்டும். ஆகவே கடலடிச் சேறு தொல்லுயிர் எச்சங்களுக்கு நல்ல இருப்பிடம். ஓடுள்ள உயிர்களுக்கு வாய்ப்பு அதிகம். பூச்சி, புழு, இலை, பூ எல்லாம் அரிதாகவே மிஞ்சும். நமக்குக் கிடைக்கும் சான்று அந்தக் காலத்து முழு உலகமாக இருக்க முடியாது என்பதைத் தொல்லுயிரியலாளர் எப்போதும் நினைவில் வைத்திருப்பார்.

சாத்தனூர்க் கல்மரம் உங்களுக்குத் தெரியும். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். சுமார் 18 மீட்டர் நீளம். மரத்தின் திசுக்களுக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊறி, மரப்பொருள் போன இடத்தையெல்லாம் சிலிக்கா நிரப்பி, வடிவம் அப்படியே நிலைத்தது. அதன் உடம்பைப் பார்த்தால் கூம்புத் தாவர இனம் என்று தெரிகிறது. ஆனால் அது கிடக்கும் பாறையைப் பாருங்கள். கடல் சிப்பிகள் உள்ள பாறை! காட்டு மரத்துக்குக் கடலில் என்ன வேலை? கரையோரக் காட்டில் விழுந்த மரத்தை வெள்ளம் ஆற்றில் அடித்துக்கொண்டு வந்து ஆழம் குறைந்த கடலில் சேர்த்திருக்கிறது. மரம் நனைந்து அமிழ்ந்து சேற்றில் புதைந்தது. அருகில் ஒரு கரை இருந்தது, அதில் காடு இருந்தது, அந்தக் காட்டிலிருந்து ஆறு ஓடிவந்தது என்ற மூன்று சேதிகளையும் சொல்வது மரம் கிடந்த இடம்.

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரங்கள் உண்டு. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னராட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அவற்றைப் பற்றி எழுதினார். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. அவையும் நீரோட்டம் கொண்டுவந்தவையே. ஆனால் அவை ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையானவை. பூக்கும் தாவரங்கள் அங்கே மிகுதி. சாத்தனூர்த் துண்டு ஒன்றையும் திருவக்கரைத் துண்டு ஒன்றையும் சீட்டு எழுதாமல் ஒரே மேசையில் வைத்தால், பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணிவிடுவார். நடுவில் பல கோடி ஆண்டுகள் காணாமல் போயிருக்கும்.

காலத்தைக் கணிக்க நமக்கு மிகவும் உதவும் உயிர் அம்மோனைட். நத்தை போலச் சுருண்ட ஓடு. ஆனால் நத்தை இனம் கிடையாது. கணவாய், ஆக்டோபஸ் ஆகியவற்றின் உறவு. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள் இருக்கும். விலங்கு வாழ்வது கடைசி அறையில் மட்டும். மற்ற அறைகளைத் துளைத்து ஓடும் மெல்லிய குழாய் வழியாக நீரை வெளியேற்றி, காற்றை நிரப்பி, நீரில் மிதக்கும் ஆழத்தைச் சரிசெய்துகொண்டது. அறைச்சுவர் ஓட்டோடு சேரும் இடத்தில் பாசியிலை விளிம்பு போல நெளிந்த கோடுகள் தெரியும். இனத்துக்கு இனம் அந்த நெளிவு மாறும். இந்த இனங்கள் உலகக் கடல்களில் பரவலாக வாழ்ந்தன; வெகு விரைவில் மாறி மாறித் தோன்றி மறைந்தன. ஆகவே ஒரு குறிப்பிட்ட அம்மோனைட் காரையிலும் ஐரோப்பாவிலும் கிடைத்தால், இரண்டு அடுக்குகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்று கொள்ளலாம். எங்காவது அந்த அடுக்கோடு எரிமலைச் சாம்பலும் கிடைத்தால், அதிலுள்ள கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு ஆண்டுக் கணக்கைக் கணிக்கலாம். அந்தக் கணக்கு அதே இனம் கிடைக்கும் மற்ற இடங்களுக்கும் பயன்படும்.

இந்த முறைக்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் ஸ்மித் என்ற ஆங்கில நில அளவையாளர். கால்வாய் வெட்டுகிற வேலைக்குப் போனவர், ஒவ்வொரு அடுக்கிலும் அதற்கே உரிய உயிர் எச்சங்கள் ஒரே வரிசையில் வருவதைக் கவனித்தார். அந்த வரிசையைக் கொண்டே 1815-ல் தன் நாட்டுக்குப் பாறை வரைபடம் வெளியிட்டார். அவருக்கு முன்பும் பணக்காரர்கள் அலமாரி அலமாரியாகச் சிப்பிகளைச் சேர்த்திருந்தார்கள். அடுக்கு எழுதாமல் சேர்த்த அந்தக் குவியல்களிலிருந்து வரிசை பிறக்கவில்லை.

நம் வீட்டுப் பூசையறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு சொல்லலாம். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் ஓடும் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமங்களில் சக்கரம் போலத் தெரிவது அம்மோனைட்தான். பக்தருக்கு அதன் புனிதம் போதும். அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அதன் வயதை அறிய விரும்பியவர் ஆற்றங்கரைக் கல்லோடு நிற்க முடியவில்லை. ஆறு எங்கிருந்தோ உருட்டி வந்த கல் அது. மேலே ஏறிப்போய், அந்தக் கற்கள் உதிரும் கருநிறக் களிப்பாறை அடுக்கைக் கண்டபிறகே ஜுராசிக் காலம் என்று உறுதியாயிற்று. இமயத்தின் உச்சியில் கடல் உயிர் இருப்பதால், அங்கே கடல் இருந்தது என்பதும் விளங்கிற்று.

அரியலூர்ப் பகுதி உலக அறிவியலில் இடம்பெற்ற கதையும் இதையே சொல்லும். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் எச்சங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து 1846-ல் வெளியிட்டார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக நடந்து அடுக்குகளைப் பிரித்து வரைபடம் போட்டார். அவருடைய அறிக்கை 1862-ல் வந்தது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பெயர்களும் அந்தக் காலத்திலிருந்து வழங்குபவை. உங்கள் ஊர்ப்பெயர் உலகப் புவியியல் நூல்களில் அச்சாவது அப்படித்தான்.

அவருக்குப் பின் வந்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, 1862-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியாவின் கிரிட்டேசியஸ் காலத்து, அதாவது டைனோசர் யுகத்தின் கடைசிக் காலத்து, உயிர்களை ஒவ்வொன்றாக வருணித்து, படங்களோடு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். அந்தப் பணி 1873-ல் முடிந்தது. அடுத்த ஆண்டே மத்திய ஆசியாவின் யார்க்கந்துக்குப் போன பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்தார். வயது 36. அவருக்குப் பிறகு ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1895 முதல் 1898 வரை எழுதிய ஆய்வில் அம்மோனைட் வரிசையைத் திருத்தினார். இன்றும் ஓர் ஆய்வு மாணவர் காரையில் அம்மோனைட் எடுத்தால் முதலில் புரட்டுவது இவர்கள் நூல்களைத்தான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் அவை பயன்படுவதற்குக் காரணம், படத்தின் கீழே ஊர்ப்பெயரும் அடுக்குப் பெயரும் எழுதியிருப்பது.

இது வெறும் ஏட்டு ஆராய்ச்சி என்று எண்ண வேண்டாம். இங்கே மேலே தெரியும் அடுக்குகளே தஞ்சை, நாகைப் பக்கம் வண்டலுக்கு அடியில் மிக ஆழத்தில் கிடக்கின்றன. எண்ணெய் தேடி ஆழ்துளை போடுபவர்கள், துரப்பணத்தில் மேலே வரும் பாறைத் துகளில் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளை உருப்பெருக்கியில் பார்த்து, துளை எந்தக் கால அடுக்கை எட்டியிருக்கிறது என்று கணிக்கிறார்கள். கீழே உள்ளதைப் படிக்க மேலே உள்ள இந்த ஊர்ப் பாறைதான் அரிச்சுவடி.

இப்போது கொஞ்சம் தூரம் போவோம், மடகாஸ்கருக்கு. நம் பகுதி எச்சங்கள் மடகாஸ்கர், தென்னாப்பிரிக்க எச்சங்களோடு ஒத்திருப்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார்கள். கடல் நடுவே இருக்க, ஒற்றுமை எப்படி வந்தது? பிலிப் ஸ்க்லேட்டர் 1864-ல், மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளை விளக்குவதற்காக, முழுகிப்போன ஒரு நிலப்பரப்பைக் கற்பனை செய்து லெமூரியா என்று பெயரிட்டார். பிளான்ஃபோர்டும் இந்தியாவையும் ஆப்பிரிக்காவையும் இணைத்த நிலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். கண்டங்கள் நகரும் என்பது அன்று யாருக்கும் தெரியாது. நிலம் முழுகியிருக்கும் என்பதே அவர்களுக்கு எட்டிய விளக்கம். பின்னால் கடல்தரையை அளந்து பார்த்தபோது முழுகிய கண்டம் தென்படவில்லை. கண்டங்கள் விலகிப் போனதற்கான தடயமே தென்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒன்றாக இருந்து, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன.

லெமூரியா என்ற பெயரை நாம் தமிழ்ச் சூழலில் வேறு விதமாகக் கேட்டிருக்கிறோம். கடல்கோள் பற்றிய நம் இலக்கிய மரபு தனியாக ஆராய வேண்டிய பொருள். ஆனால் அதற்கு ஸ்க்லேட்டரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. மனித இனம் தோன்றிச் சில லட்சம் ஆண்டுகளே ஆகின்றன. மடகாஸ்கர் பிரிந்தது கோடிக் கணக்கில். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பேசக்கூடாது என்பதைப் பாறை அடுக்கு நமக்குக் கற்றுக்கொடுக்கிறது.

மடகாஸ்கர் உறவுக்கு உங்கள் மாவட்டமே நல்ல சான்று தருகிறது. கல்லமேட்டில் கிடைத்த ஓர் ஆமைக்கு 2001-ல் குர்மாடெமிஸ் கல்லமெடென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். மடகாஸ்கரில் கிடைத்து 2009-ல் பெயரிடப்பட்ட கின்கோனிகெலிஸ் என்ற ஆமை இதற்கு நெருங்கிய உறவு என்று தெரிந்தது. பிரிந்துபோன இரண்டு நிலங்களிலும் ஒரே கிளையின் வாரிசுகள் வாழ்ந்திருக்கின்றன. கல்லமேட்டு மண்ணில் கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான் அந்த ஆமை கண்டங்களின் வரலாற்றில் சாட்சி சொல்கிறது.

அதே கல்லமேட்டின் இன்னொரு கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டைனோசர் காலத்தின் இறுதியில் படிந்த மணலும் களிமண்ணும் உள்ள இடம் அது. 1920-களில் சார்லஸ் மேட்லி இந்தப் பகுதி டைனோசர் எலும்புகளை ஆராய்ந்தார். பிறகு யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் இங்கே பேருருவ எலும்புகளைக் கண்டு, 1987-ல் பிருஹத்காயோசாரஸ் மேட்லியி என்ற பெயரில் வெளியிட்டார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் துண்டு, வால் முள்ளெலும்பு, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாகக் கருதப்படும் அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர்தான்.

முதலில் இதை ஊனுண்ணும் வகை என்று வகைப்படுத்தினார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்கள் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகை என்றார்கள். சிலர் அது எலும்புதானா, கல்மரமா என்றுகூடக் கேட்டார்கள். எலும்பையே எடுத்து வெட்டிப் பார்த்தால் ஒரு நாளில் தீர்ந்துவிடும் கேள்வி. ஆனால் எலும்பு இல்லை. களிமண்ணில் கிடந்து நொறுங்கும் நிலையில் இருந்த அந்த எலும்புகள் அருங்காட்சியகத்தை அடையாமலே சிதைந்துபோயின. 2022-ல் அய்யாசாமியும் இன்னோர் ஆய்வாளரும் களத்தில் அன்று எடுத்த பழைய ஒளிப்படங்களை வெளியிட்டார்கள். அவை எலும்பு என்ற கட்சிக்கு வலு சேர்த்தன. ஆயினும் நிலத்தில் நடமாடிய விலங்குகளிலேயே மிகப்பெரியது எது என்ற போட்டியில் அரியலூர் விலங்கு இன்றும் சந்தேகப் பட்டியலில் நிற்கிறது.

இங்கே இடம் தெரியும், பொருள் போய்விட்டது. நான் முதலில் சொன்ன பாதிக்கு மறுபாதி இது. இரண்டில் எது போனாலும் சேதி முடமாகும். இப்படிப்பட்ட எலும்பைக் களத்திலேயே பசையூட்டி இறுக்கி, சுற்றிலும் மண்ணோடு சேர்த்துக் குடைந்து, சாக்குத்துணியைப் பாரிஸ் சாந்தில் தோய்த்துப் போர்த்தி, கட்டி உலர்ந்தபிறகே தூக்க வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும், பயிற்சி வேண்டும், பொறுமை வேண்டும். இழுத்துப் பறித்தால் கையில் தூள்தான் மிஞ்சும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு: உருண்டையாக எது கிடைத்தாலும் டைனோசர் முட்டை என்று பரப்புவது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் தூர் வாரும்போது கிடைத்த உருண்டைக் கற்கள் அப்படித்தான் கைப்பேசி கைப்பேசியாகப் பரவின. அவை அம்மோனைட்டும் அவற்றைச் சுற்றி இறுகிய படிவக் கட்டிகளும் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். அந்த ஓட்டின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் படிக வரிசையும் மூச்சுத்துளைகளும் தெரிய வேண்டும். அது மட்டுமா? டைனோசர் தரையில் முட்டையிடும் விலங்கு. ஆழ்கடல் சேற்று அடுக்கில் முட்டைக்குவியல் என்றால், அந்த இடமே முதல் சந்தேகத்தைக் கிளப்ப வேண்டும். பாருங்கள், மறுபடியும் கிடந்த இடம்தான் பேசுகிறது.

கடைசியாக, செய்ய வேண்டியவை. சுண்ணாம்புச் சுரங்கங்களை வெறுமனே திட்டிப் பயனில்லை. அவை இந்த மாவட்டத்தின் பிழைப்பு. தவிர, ஆழமாக வெட்டிய சுரங்கச் சுவரில்தான் அடுக்குகளின் வரிசை தெளிவாகத் தெரிகிறது. பல ஆய்வுகள் அந்தச் சுவர்களில் நடந்தவை. ஆனால் இன்று தெரிகிற சுவர் அடுத்த ஆண்டு ஆலைக்குள் போய்விடும். வெட்டுவதற்கு முன் ஒரு புவியியலாளர் வந்து பதிவுசெய்துவிட்டுப் போக வழி இருந்தால் ஆலைக்கும் நட்டமில்லை, அறிவுக்கும் நட்டமில்லை. காரையின் மேடுகளோ வேறு கதை. அங்கே எடுத்துப் போவது சுற்றுலா வருபவர்கள். ஆளுக்கொரு கல் என்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஓடையிலோ வயல் வரப்பிலோ ஒன்று கண்ணில் பட்டால் முதலில் கையை வைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவையோ அளவுகோலையோ வைத்துப் படம் எடுங்கள். தள்ளி நின்று சுற்றுப்புறம் தெரிய இன்னொரு படம். ஊர், ஓடையின் பெயர், கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறையோடு ஒட்டியிருக்கிறதா, உருண்டு வந்து கிடக்கிறதா என்று எழுதுங்கள். இது மிக முக்கியம். எலும்பு போலத் தோன்றினால் தொடவே தொடாமல் வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ கல்லூரிப் புவியியல் துறைக்கோ சொல்லியனுப்புங்கள்.

ஆசிரியர்களே, உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஏற்கெனவே சில கற்கள் இருக்கும். யார் கொண்டுவந்தது, எங்கே எடுத்தது என்று அறிந்தவர்கள் ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்களைக் கேட்டு ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். அடுத்த வாரமே தொடங்கலாம். செலவு ஒரு பசைப்புட்டி. ஸ்டோலிக்ஸ்கா செய்த வேலையின் முதல் படி அதுதான். அதைச் செய்ய அவரைப் போல மொராவியாவிலிருந்து யாரும் வர வேண்டியதில்லை.